நானூற்றுப் பதினோராவது சுற்று

வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடையில்
சம்பலுக்குத் துருவி எறிந்த சிரட்டையைக்
கேட்டு வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.
"ஸ்திரிக்கைப் பெட்டிக்கோ பிள்ளை?" என்பார்
கல்லாவில் இருக்கும் சோதிலிங்கம்.
ஓம் என்பேன்.
பற்றரிக்கு என்றால்
ரொட்டி ஆறும்வரை விளக்கவேண்டும்.

காற்றில்லாத உலையில்
ஆயிரத்து இருநூறு பாகையில்
சிரட்டை எரியாது.
சுருங்கும், கறுக்கும்,
தனக்குள்ளே நுண்ணிய அறைகள் கட்டிக்கொள்ளும்.
லிதியத்துக்கு எங்களிடம் காசில்லை,
அந்த அறைகளில் சோடியத்தைக் குடியிருத்தப் பார்க்கிறோம்.
சோடியம் என்றால் வேறொன்றுமில்லை:
ரயில் பாதைக்கு அந்தப்பக்கம்
நாள் முழுக்கக் கல்லில் மோதி
என் யன்னல் கம்பியைத் தின்கிற உப்பில்
பாதி.

கலம் ஒரு பத்து ரூபாய்க் குற்றியளவு.
கரி, நனைந்த தாள், எதிர்வாய், மூடி.
ஆகன் நிரம்பிய பெட்டிக்குள் தடித்த கையுறையோடு
மூக்கு கடித்தாலும் சொறியமுடியாமல் அடுக்குவேன்.
பிறகு இயந்திரத்தில் மாட்டினால்
ஏறும், இறங்கும்.
ஏறும், இறங்கும்.
முழு ஆராய்ச்சியும் இதுதான் என்றால்
அம்மா தொலைபேசியில் கொஞ்சநேரம் பேசமாட்டா.

முதல் தடவை கரிக்குள் போகும் அயன்களில்
ஒரு பங்கு திரும்பி வராது.
வாசலில் தோலாகப் படிந்துவிடும்.
அந்தத் தோல் இருந்தால்தான்
மற்றவை பழுதில்லாமல் போய்வரலாம்.
மீளா இழப்பு என்று அதற்குப் பெயர்.
குறிப்பேட்டில் அதைத் தமிழில் எழுதிய அன்று
பேனையை மூடிவைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மழைக்குத்
தும்முல்லைப் பக்கம் ட்ரான்ஸ்போமர் வெடித்தது.
முந்நூற்றுத் தொண்ணூற்றேழாவது சுற்று, பாதி.
மேசைக்குக் கீழே காப்புப் பற்றரி,
ஈயமும் அமிலமும், ஊதிப்போன வயிறும்,
ஏழு நிமிடம் கீச்சிட்டு அடங்கியது.
மின்சாரத்தைச் சேமிக்க வழி தேடுகிற அறையில்
ஒரு மணித்தியாலத்துக்குச் சேமித்த மின்சாரம் இல்லை.
உபுல் சிரித்தான். நானும்.
கோபம் பிறகுதான் வந்தது:
புதியது வாங்க மூன்று விலைமனு,
இரண்டு கையெழுத்து, ஒக்டோபர்.

சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.
நிஸ்தார் நானா ஓர் அக்வா காரின் பற்றரியைப் பிளந்து
துண்டு துண்டாய்ப் பாயில் கிடத்தியிருந்தார்.
"மவுத்தானது ரெண்டுதான் மிஸ்.
மத்ததெல்லாம் சும்மா கூடச் சேர்ந்து படுத்திருக்கு."
ஒவ்வொன்றையும் ஹெட்லைட் பல்பில் மாட்டி
வெளிச்சம் மங்கும்வரை மணிக்கூடு பார்த்து
வெண்கட்டியால் நிமிடத்தை எழுதினார்.
என் இயந்திரத்தின் விலை
எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"உங்கட செல் எவ்வளவு தாங்கும்?"
"தெரியாது நானா. இப்ப முந்நூற்றுத் தொண்ணூற்றேழு தரம்."
நாளுக்கு ஒரு தரம் என்று
விரலில் கணக்குப் போட்டார்.
"ஒரு வருஷம், ஒரு மாசம்.
அதுக்குப் பொறகு எங்கிட்டத்தானே வரும்,
பூட்டின மாதிரியே கழட்டவும் ஏலுமா செய்ங்க."
எந்த ஆய்வுக்கட்டுரையிலும்
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

செவ்வாய் மாலை மறுபடி இருண்டது:
நடைபாதை, நூலகம், சந்தி விளக்கு.
மேசைக்குக் கீழே யாரோ ஒருவரின் அக்வா,
கண்டிக்கும் காலிக்கும் எத்தனை தரம் ஓடியதோ,
சத்தமில்லாமல் பாரம் ஏற்றுக்கொண்டது.
திரையில் ஒரு பச்சைப் புள்ளி.
நானூற்றுப் பதினொன்று,
ஏறிக்கொண்டிருக்கிறது.

தொலைபேசி வெளிச்சத்தில்
உபுல் மாலுபாண் பொதியைப் பிரித்தான்.
கை கழுவத் தண்ணீர் மோட்டர் ஓடாது.
கரி விரலாலேயே ஒன்றை எடுத்தேன்.