பழுது பார்த்தல்

சித்திரை பாதியில் ஃபேன் நின்றது.
நின்றது என்பதும் சரியில்லை.
உறுமியது, சுற்றவில்லை.
விளக்குமாற்றுக் கட்டையால் ஓர் இறக்கையைத் தள்ளிவிட்டால்
மனசில்லாமல் நாலு சுற்று வந்து
மறுபடி உறுமும்.

முனிரத்தினம் மூன்று முறை போனில்
"நாளைக்கு வந்துர்றேன்க்கா" என்றான்.
பாலக்கோட்டில் நாளைக்கு என்பது
தக்காளி விலை மாதிரி,
விடியலில் ஒன்று, பத்து மணிக்கு வேறொன்று.
ஓசூர் ஷிப்டிலிருந்து சென்னகேசவன்
"கை வைக்காத, நான் வந்து பாக்கறேன்" என்றார்.
அவர் வருவது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு.

நான் மண்டியில் பில் எழுதுகிறவள்.
கூட்டல் உதைத்தால்
கடைசி வரியிலிருந்து மேலே ஏறி
தப்பு உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பிடிப்பது என் வேலை.
ஃபேனிடமும் அப்படித்தான் போனேன்.

மெயினை அணைத்தேன்.
கட்டில்மேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் நான்.
தேன்மதி செல்போன் டார்ச்சைப் பிடித்தாள்,
பாதி நேரம் என் கண்ணில்.
கிண்ணத்தைக் கீழிறக்கினால்
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.
தொட்டதும் சுருக்கென்று கடித்தது.
கரண்ட் போன பிறகும்
கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்குமாம் அது.
அப்படிச் சில சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு.

கழற்றுவதற்கு முன் ஒயர்களை
மகளை வரையச் சொன்னேன்.
ஸ்கெட்ச் பேனாவில் நீலம் காய்ந்திருந்தது.
இருந்த பச்சையை அடித்தாள்.

பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் பெட்டியை நீட்டினேன்.
"எலக்ட்ரீசியன் யாரும்மா?"
எனக்குப் பின்னால் யாரும் இல்லை.
"நான்தான்."
அறுபது ரூபாய். பில் கேட்டு வாங்கினேன்.

ஸ்விட்சைப் போட்டதும் சுற்றியது.
இருவரும் கத்தினோம்.
பிறகு வெகுநேரம் வியர்த்துக்கொண்டே கைதட்டினோம்.
காலண்டர் ஆடவில்லை.
மேலே ஒட்டடை மட்டும் பேயாட்டம் ஆடியது.
"அம்மா, பல்லிக்கு வீசுதும்மா."

பச்சையை நீலமாக நினைக்காமல் பச்சையாகவே நினைத்திருக்கிறேன்.
ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
அன்றிரவு அப்படியே விட்டுவிட்டேன்,
பல்லியும் சித்திரையில்தானே இருக்கிறது.
மறுநாள் இரண்டு ஒயரை இடம் மாற்றினேன்.
காற்று எங்கள்மேல் இறங்கியது.

பழுது பார்ப்பது என்கிறோம்.
பார்ப்பது, அவ்வளவுதான்.
இத்தனை வருஷம்
உடைந்ததைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு
ஆள் வரட்டும் என்று
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக எல்லாம் கைகூடிவிடவில்லை.
குழாய் வாஷர் சரியாக வந்தது.
மிக்ஸியைப் பிரித்து மாட்டிய அன்று
தெருமுனை வரை கருகல் வாசனை.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
சென்னகேசவன் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாததை நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது.
ஃபேனை மாட்டி முடித்த அன்று
தரையில் ஒரு திருகாணி மிச்சம்.
மேலே தேடினேன், அதற்கு இடம் இல்லை.
மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன்.
விளக்கை அணைத்த பின் தினமும்
அந்த மூன்று இறக்கையையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.
மகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போடுவேன்.

பதினோராம் நாள் வந்தான் முனிரத்தினம்,
நேற்றுதான் கூப்பிட்டதுபோல.
சுற்றுவதைப் பார்த்தான். "யார் பாத்தது?"
"நாந்தான் பாத்தேன்."
தண்ணீர் குடித்தான். கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தான்.
குறை கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

டப்பாவைத் திறந்து திருகாணியைக் காட்டினேன்.
விரலில் உருட்டினான், வெளிச்சத்தில் பிடித்தான்.
"இது ஃபேனோடது இல்லக்கா,
கட்டிலோடது."

குனிந்து பார்த்தேன்.
தலைமாட்டுக் கால், ஓட்டை காலியாக,
பக்கத்துத் திருகாணியும் பாதி வெளியே.
பத்து இரவு அதன்மேல்தான்
மல்லாந்து கிடந்திருக்கிறேன்,
கூரையைக் காவல் காத்துக்கொண்டு.

அவன் பையைத் திறக்கப் போனான்.
"இரு" என்றேன்.
ஸ்க்ரூடிரைவர் எங்கள் வீட்டிலேயே இருந்தது.