மேல்வரிசை, கீழ்வரிசை

வாரம் ஒருமுறை ஐந்து படம் அனுப்ப வேண்டும்.
நேரில் போனால் அரைநாள் சம்பளம் போச்சு,
டாக்சிக்கு நாற்பது திர்ஹம்.

ஷார்ஜா, ரோலா. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஜோஸ்லின்.
குளியலறை விளக்கு ஒன்றுதான் வெள்ளை.

இரண்டு டீஸ்பூனைத் திருப்பிப் பிடித்து
கன்னங்களை ஒதுக்குகிறேன்.
எச்சில் முழங்கை வரை வழிகிறது.
போனைப் பிடித்தபடி
“இன்னும்” என்கிறாள் ஜோஸ்லின்.
அவளுக்கு வரும் மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்று.
மற்றவை: போதும், கருவாடு.

முதல் படத்தில் டார்ச் வெளிச்சம் மட்டும்.
அடுத்ததில் அவள் கட்டைவிரல்.
பிறகு நான் சிரித்துத் தொலைத்தேன்.
டாக்டர் சிரிப்பைக் கேட்கவில்லை.

இத்தனை உள்ளே
யாரும் பார்த்ததில்லை என்னை:
அடைத்த கடைவாய்ப்பல்,
அதன் இடுக்கில்
மத்தியானச் சாம்பாரின் ஒற்றை வெந்தயம்.

கதவு தட்டப்படுகிறது. யாருக்கோ டூட்டிக்கு நேரம்.
இருந்ததை அனுப்பினோம்.

இரவு பதில் வந்தது:
கீழ்வரிசை நகர்ந்திருக்கிறது, நல்லது.
முனைகள்தான் தேய்ந்திருக்கின்றன.
தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா?

எனக்கெப்படித் தெரியும்.
தடுப்பைத் தட்டிக் கேட்டேன்.

கட்டில் கிரீச்சிட்டது.
“தினமும் இல்லை,” என்றாள்,
“மாசக் கடைசியில்.”