லமாரா கூட்டி முடிக்கும் வரை

நள்ளிரவில் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது.
காலையில் பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது,
மானிட்டர் மட்டும்
க்விரிலா ஆற்றைப் போலக் கறுப்பு.

சியாதுராக்காரிக்குக் கறுப்பு புதிதில்லை.
மாங்கனீசுத் தூள் ஜன்னல் விளிம்பில்,
ரொட்டியின் அடிப்புறத்தில்,
சட்டைக் காலரின் உள்மடிப்பில்.
இது வேறு கறுப்பு.
பின்னால் விளக்கு எரிகிறது,
காட்டத்தான் ஒன்றுமில்லை.

மாலை ஆறுக்குக் காட்சி.
பதினோரு டிக்கெட் போயிருக்கிறது,
அதில் ஏழு பெஜான் வாத்தியாரின் வகுப்பு.

டிரைவர் கோளாறு என்று போனில் சொன்னேன்.
"ரோப்காருக்கு என்ன ஆச்சு?" என்றார் மானேஜர்.
இந்த ஊரில் டிரைவர் என்றால்
கம்பியில் தொங்கும் இரும்புப் பெட்டிக்குள் நின்று
கதவுக் கொக்கியைப் போடுகிற பெண்.
நான் சொன்ன டிரைவருக்கு முகம் கிடையாது.
கார்டு முணுமுணுப்பதைத் திரைக்குப் புரிகிற மாதிரி
எடுத்துச் சொல்வது அதன் பிழைப்பு.
இரவோடு இரவாகப் பழைய ஆள் போய்
வேறொரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

மடிக்கணினி வழியாக உள்ளே நுழைந்து கேட்டேன்:
இருக்கிறாயா?
இருக்கிறேன் என்றது, வரி வரியாக.
கர்னல் ஏறிவிட்டது. கார்டு தெரிகிறது.
பிழை எதுவும் இல்லை.

பிழை எதுவும் இல்லை!
இதைவிட ஆத்திரமூட்டும் வாக்கியத்தை
நான் ஒரே ஒருவரிடம்தான் கேட்டிருக்கிறேன்,
விவாகரத்து ஆகி ஆறு வருடம்.

டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன்.
மூன்று முறை அணைத்து எழுப்பினேன்.
கேபிளைப் பிடுங்கி, வாயால் ஊதி, செருகினேன்.
ஊதினால் சரியாகும் என்று யாரும் சொன்னதில்லை,
கைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.
பிறகு, இருட்டுதானே,
யார் பார்க்கப்போகிறார்கள் என்று
விசைப்பலகையில் வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்தேன்.

கீழே அரங்கிலிருந்து லமாராவின் குரல்:
"நானுலி, யாரைத் திட்டுகிறாய்?"

சுவர்த் துளை வழியே எட்டிப் பார்த்தேன்.
அரங்கின் குழல்விளக்குகள் செவ்வாய்க்கிழமையே அவிந்துவிட்டன.
அவள் ரிமோட்டால் புரொஜெக்டரைப் போட்டு
அந்த வெளிச்சத்தில் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.
வெண்திரையில் லாகின் பெட்டி.
பெயர் கேட்கும் இடத்தில்
என் வசவு,
ஆளுயர எழுத்தில், எழுத்துப்பிழையோடு.

"எப்போதிருந்து தெரிகிறது?"
"நான் துடைப்பம் எடுத்ததிலிருந்து.
மூணு தடவை போச்சு, மூணு தடவை வந்தது.
நீ சோதித்துப் பார்க்கிறாய் என்று விட்டுவிட்டேன்."

பழைய டிரைவர் துளைகளை ஒன்றிலிருந்து எண்ணும்.
புதியது பூஜ்யத்திலிருந்து.
எப்போதோ நான் எழுதி மறந்த கோப்பில்
என் மானிட்டருக்குப் பெயர் ஒன்று.
ஒன்றைக் கூப்பிட்டிருக்கிறது,
ஒன்று என்று எவரும் இல்லை,
சரி போகட்டும் என்று
எதிரே தெரிந்த பெரிய சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டது.
என் மூக்குக்கு முன்னால் பூஜ்யம்,
பெயர் மாறிய பிள்ளை வருகைப்பதிவில் உட்கார்ந்திருப்பது போல,
கூப்பிடாததால் வாயே திறக்காமல்.

ஓர் எண்ணை அழித்தேன், ஓர் எண்ணை எழுதினேன்.
மானிட்டர் விழித்தது.
அரங்கு இருண்டது.
"அடியே! ஒன்பதாம் வரிசையில் நிற்கிறேன்!"
வாளி உருளும் சத்தம்.

இரண்டிலும் ஒரே காட்சி என்று மாற்றினேன்.
அளவு பொருந்தாமல்
என் பக்கம் இரு ஓரமும் வெட்டுப்பட்டது,
பச்சை கொஞ்சம் தூக்கல்.
படம் ஓடும். பனிக்கரடி சற்றுப் பாசி பிடித்திருக்கும்,
பெஜானின் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள்.

மணி நாலரை.
எதுவும் எழுதாத ஒரு பக்கத்தைத் திறந்து
முழுத்திரையாக்கினேன்.
கீழே வெள்ளை வெளிச்சம் பரவியது.
நாற்காலிகளுக்கடியில் சூரியகாந்தித் தோல் குவியல்கள்,
ஒற்றைக் கையுறை,
நடுவில் ஈரத் துணியோடு லமாரா,
திரையில் அவள் நிழல் பெரிதாகக் குனிந்தது.

"இன்னும் கொஞ்சம் பிரகாசமாக?" என்றாள்.
இருந்தது அவ்வளவுதான்.
அதையும் கேட்டுப் பார்த்தேன்.