கேரட் என்று பெயர் வைத்தேன்

கேத்தியில் கேரட் கழுவும் கொட்டகை.
உருளை ஓய்ந்துவிட்டது, தரையெல்லாம் செம்மண் சேறு.
கணக்கெழுதும் அறையில் மட்டும் விளக்கு.

குன்னூரில் நாலாயிரத்துக்கு வாங்கிய கணினி.
அதில் லினக்ஸ்.
லினக்ஸ் போட்டுக்கொண்ட விண்டோஸ் வேஷம்.
வேஷத்தை நிஜமென்று நம்பி
உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது
கம்பெனியே மூடிப்போன ஒரு டாங்க் சண்டையின் சர்வர்.
கறுப்புத் திரையில் ஒரே வரி:
'காத்திருக்கிறேன், வாசல் 7777.'

பக்கத்து அறையில் மூன்று லேப்டாப், ஒரு ஹீட்டர்.
'கிடைக்கல' என்றான் நிக்சன்.
'எனக்கும்' என்றாள் ஹேமா.
பெள்ளிராஜ் வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான்,
அவனுக்கு அவசரமில்லை.

பிங் அடித்தால் பதில் வருகிறது.
ஃபயர்வாலை அணைத்தேன்.
ரவுட்டரை அணைத்து, இருபது எண்ணி, போட்டேன்.
செட்டிங் கோப்பில்
192.168.1.14 என்று எழுதினேன்,
படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.
நான்கு பூஜ்யம் எழுதினேன்,
எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கதவைத் திற என்று.
அதற்கும் அசையவில்லை.
காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன்.
கடன்காரன் தட்டும்போது
உள்ளே மூச்சடக்கி நிற்பவனும்
காத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பன்னிரண்டரைக்கு மேல்தான் தோன்றியது,
எந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்று
கணினியையே பட்டியல் கேட்க.
ஏழாவது வரி:
127.0.1.1, வாசல் 7777.

நூற்றிருபத்தேழில் தொடங்கும் எண்
தெருவில் இல்லாத வீடு.
தன் காதில் தானே பேசிக்கொள்பவனின் விலாசம்.

பிறகு புரிந்தது, அந்தக் காலத்து புரோகிராம்
எழுந்ததும் கேட்கிறது: என் பெயர் என்ன?
கேரட், என்கிறது கணினி. நான் வைத்த பெயர்.
கேரட்டின் வீடு எது?
ஹோஸ்ட்ஸ் கோப்பின் இரண்டாம் வரியைப் பார்த்து
வேஷக்காரன் அப்படியே ஒப்பிக்கிறான்:
127.0.1.1.
லினக்ஸ் போட்ட அன்றே தானாக விழுந்த வரி.
பொய்யில்லை அது.
வெளியிலிருந்து வருகிறவனுக்கு உதவாத நிஜம்.

என் ஆதாரில் இன்னும்
கொளப்பள்ளி எஸ்டேட் லைன் வீடு.
அங்கே இப்போது வேறு யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.
பேங்க் கார்டு மூன்று முறை அங்கே போய்
மூன்று முறையும் திரும்பியது.
பேங்க்காரரைத் திட்டியிருக்கிறேன்.

வரியை அழித்து
192.168.1.14 கேரட் என்று அடித்தேன்.
சர்வரை நிறுத்தி, கிளப்பி,
பட்டியலைப் பார்த்தேன்.
ஏழாவது வரி மாறியிருந்தது.
கூப்பிடலாம் என்று வாய் திறப்பதற்குள்
சுவருக்கு அந்தப் பக்கம் நிக்சன்:
'டேய், வந்துட்டேன்டா!'
வந்தவன் நேராகப் போய்ச் சுவரில் முட்டினான்.
பத்து நொடியில் ஹேமா அவனைச் சுட்டாள்.

மூன்று மணிக்கு மேட்டுப்பாளையம் லாரி
கீழே ஹாரன் அடித்தது.
மூட்டை ஏற்ற எல்லோரும் இறங்கினோம்.
குளிரில் ஈரச் சாக்கு கையைக் கடித்தது.
மேலே, ஆளில்லாத அறையில்,
பெள்ளிராஜின் டாங்க் மட்டும் மைதான நடுவில்
யாரையும் சுடாமல் நின்றுகொண்டிருந்திருக்கும்.

காற்றுக்குக் கரண்ட் போகும், எப்படியும் போகும்.
வந்ததும் ரவுட்டர் கேரட்டுக்கு
வேறு எண் கொடுத்தாலும் கொடுக்கும்.
அந்த வரியை மறுபடி தேட வேண்டியிருக்கும்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
கோப்பின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்,
பீன்ஸ் பாக்கிக்குக் கீழே.