ஒட்டாமல் விட்டது

ஸ்ரான்லி வீதியில இருபது வருசமா
நான் செய்ததெல்லாம் கேற்.
தாமரை வைச்சது, அன்னம் வைச்சது,
வெளிநாட்டுக் காசு வந்தால் சிங்கம் வைச்சது.
கம்பி எங்க தொடங்கினாலும்
பூட்டுக் கொளுக்கியில வந்து முடியவேணும்.
அதுதான் தொழில்.

சுகிர்தா கொண்டுவந்த தாளில
ஒரேயொரு கோடு.
அளவு இல்லை. பக்கத்தோற்றம் இல்லை.
“பன்னிரண்டு மில்லிக் கம்பி, அண்ணை.
இதைக் காத்தில கீறவேணும்.”
காத்தில கீறினால் நிக்குமோ எண்டன்.
“அதுக்குத்தானே உங்களிட்ட வந்தனான்.”

மூண்டு கிழமை
வளைச்சம், அறுத்தம், திருப்பியும் வளைச்சம்.
சூடு ஆறமுதல் பிடிச்சு
டிலக்சன் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டான்.
கரண்ட் போன ஒரு மத்தியானம்
அரைவாசியில நிண்ட கம்பியைச் சுத்தி நடந்தன்.
வாசல்ல நிண்டு பாத்தால் வலை எறியிற தோள்.
கிரைண்டர் பக்கம் போனால் வெறும் சுருள்.
குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால பாத்தால்
ஒரு நேர்க்கம்பி, அவ்வளவுதான்;
மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னால ஒளிச்சிருந்தது.

கடைசி நுனி.
பழக்கத்தில கை அதை இழுத்துக்கொண்டுபோய்
முதல் நுனியோட ஒட்டப் பாத்தது.
ஒரு சாண் இடைவெளி.
“விடுங்கோ” எண்டாள்.
உப்புக்காத்து, வெட்டின முகம் கறள் பிடிக்கும் எண்டன்.
“பிடிக்கட்டும்.”

எங்கட ஊரில நீதிமன்றத்துக்கும் கோடு எண்டுதான் பேர்.
அப்பு ஒரு முழக் கோட்டுக்காகப்
பதினேழு வருசம் கோடேறினவர்.
வெண்ட இடத்தில
நட்ட கதியால்கூடத் துளிர்க்கேல்லை.
ஒண்டையும் அடைக்காத கோட்டை
அண்டைக்குத்தான் கண்டன்.

மாநகரசபைப் படிவத்தில
“பொருள்” எண்டு ஒரு கட்டம்.
“இரும்பு” எண்டு எழுதினாள்.
கிளாக்கர் கண்ணாடியைக் கழட்டினார்.
“நான் கேட்டது மற்றப் பொருள், தங்கச்சி.”
“அதுவும் இரும்புதான், ஐயா.”

இப்ப அது பண்ணைக் கரையில நிக்குது.
அன்ரெனா எண்டு ஒருத்தன் சொன்னான்,
கட்டி முடிக்காத பஸ் தரிப்பிடம் எண்டு இன்னொருத்தி.
நான் ஒண்டும் சொல்லேல்லை.
வத்தின கடலில இருந்து ஒரு நீர்க்காகம் வந்து
அந்தத் திறந்த நுனியில குந்தினது.
பறந்து போனாப் பிறகும்
நுனி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.
ஒட்டியிருந்தால் ஆடியிராது.

திங்கக்கிழமை
கோண்டாவிலுக்கு ஒரு கேற்.
ரெண்டு சிங்கம் வேணுமாம்.
எல்லாம் அளவாய் முடிச்சாச்சு.
இடப்பக்கத்துச் சிங்கத்தின்ர
வால் நுனியை மட்டும்
ஒட்டாமல் விட்டிருக்கிறன்.