இரண்டு மணி, இரண்டாம் தடவை

பிரவுன்ஷ்வைக். அக்டோபரின் கடைசி ஞாயிறு.
மூன்றைத் தொடவேண்டிய முள்
இரண்டுக்கே திரும்புகிற இரவு.

முதல் குழந்தை பிறந்தபோது மணி 2.51.
அடுத்தது பதினெட்டு நிமிடம் கழித்து வந்தது.
மணி 2.09.

மருத்துவச்சி வீப்கே
இரண்டு எண்ணையும் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள்.
பிறகு ஒன்றன் பக்கத்தில் ‘ஆ’ போட்டாள்,
மற்றதன் பக்கத்தில் ‘பே’.
எனக்கும் அப்படித்தான் இருந்தது, முதலில் ஆ, அப்புறம் பே.
“நீங்கள் அந்தக் கடிகார நிலையத்தில்தானே வேலை?
இது சரியா?”

அங்கேதான். பதினொரு வருடம்.
சீசியம் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது கோடிச் சொச்சம் தடவை
அதிர்ந்தால் ஒரு விநாடி என்று
நாட்டுக்கு எடுத்துச்சொல்கிற இடம்.
இந்தக் கடிகாரம் சரியா என்று யாராவது கேட்டால்
இன்னொரு கடிகாரத்தைக் காட்டுவோம்.
அதற்கு மேலும் கேட்டால்
காபி குடிக்கப் போய்விடுவோம்.
புதிதாக வந்ததை ஒரு சாண் உயர்த்தி வைத்தால்
துளி முந்திக்கொள்ளும்.
பிழை இல்லை. அந்த உயரத்தின் காலம் அது.
காலத்தை நான் பார்த்ததே இல்லை, வீப்கே.
கடிகாரங்கள் ஒத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
“சரிதான்” என்றேன்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் ஹார்ட்முட் சொல்வார்:
அடிப்படைச் சமன்பாட்டில் காலத்தின் குறியை மாற்றிப் போடு,
பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.
முன்னும் பின்னும் அணுவுக்குக் கிடையாது.
அவருக்கு ஒரு ஷ்வெஸ்டர்.
மூத்தவளா, இளையவளா?
நான் கேட்டதில்லை, அந்தச் சொல்லும் சொல்வதில்லை.

தமிழ் அப்படி விடாது.
அக்கா, தங்கை.
யார் முன் யார் பின் என்று தீர்க்காமல்
ஒருத்தி இன்னொருத்தியைப்
பக்கத்து அறையிலிருந்து கூப்பிடக்கூட முடியாது.

நிரோஜா கண் விழித்தாள்.
“இதில் பெரியவள் யார்?”
இரண்டுக்கும் ஒரே வெள்ளைத் துணி, ஒரே அழுகை.
எண்ணைப் பார்த்தால் சின்னவள்தான் பெரியவள்.
“அதாவது, இந்த ஆ இருக்கிறதே...”
அவள் காகிதத்தை வாங்கவில்லை.
ஒன்றை மாற்றி ஒன்றை மார்போடு அணைத்துப் பார்த்தாள்.
“இவள் வரும்போது கத்தினேன்.
அவளுக்குக் கத்தத் தெம்பில்லை.”

பதினொரு வருடத்தில்
தெம்பைக் கொண்டு யாரும் அளந்து பார்க்கவில்லை.
ஹார்ட்முட்டிடம் கேட்கவேண்டும்:
குறியை மாற்றிப் போட்டால்
அந்தக் கத்தல் அவள் தொண்டைக்குத் திரும்புமா?

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
ஓக்கர் ஆற்றுப் பக்கம் ஒரு தேவாலயம்
மூன்று அடித்தது.
வேறொன்று, சற்றுப் பொறுத்து.