இடைவெளி விடாமல்

புர்க்டோர்ஃபில் நாங்கள் வாங்கிய வீட்டில்
முக்கால் பங்கு வங்கிக்குச் சொந்தம்.
மிச்சக் கால் பங்கு
நிலத்துக்குக் கீழே இருந்தது.
கெல்லர் என்பார்கள் இங்கே.
உருளைக்கிழங்கும் பனிச் சப்பாத்தும்
கிடக்க வேண்டிய இடம்.

சுகிர்தா அதில் ஓர் அறை கேட்டாள்.
எதற்கென்று சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் இடம்.
நானும் விசாரிக்கவில்லை.

சுவரில் கை வைத்தேன்.
ஐஸ் போட்ட மீன்பெட்டிக்குள்
கையை விட்டதுபோல் இருந்தது.

கடையில் ஏஷ்லிமன் அம்மையார்
மூன்று துண்டுகளை மேசையில் வைத்தார்.
வெள்ளை, மலிவு. நகத்தால் கீறினால்
சவ்வரிசியாய் உதிர்ந்தது.
மஞ்சள், இருபுறமும் அலுமினியத் தாள்.
மெலிந்தது, கெட்டிக்காரி.
விலைச்சீட்டைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டேன்.
இளம்பச்சை,
ஒரு மாதம் தண்ணீரில் போட்டாலும் குடிக்காதாம்.
"என் மச்சானைப் போல இல்லை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று
முதலில் பாருங்கள், பிறகு வாங்கலாம்.
இன்னொன்று,
இது குளிரைத்தான் மறிக்கும். சத்தத்தை மறிக்காது."
அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாயளவு பொலித்தீனைச் சுவரில் விரித்து
நாலு ஓரமும் நாடா ஒட்டி
மூன்று நாள் விட்டோம்.
எனக்கு ஆற்றின்மேல்தான் சந்தேகம்.
எம்மே எட்டு நிமிட நடை,
மலையில் பனி உருகினால்
யார் சொல்லும் கேட்காது.

நாலாம் நாள் டோர்ச் அடித்தோம்.
தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம், பொட்டு ஈரமில்லை.
எங்கள் பக்கம்தான் வேர்த்திருந்தது.
ஆறு நிரபராதி.
சோற்று ஆவி,
கொடியில் காயும் என் தொழிற்சாலைச் சட்டைகள்,
ஜன்னல் சாத்தி நாங்கள் விட்ட மூச்சு.
"பேசாமல் விட்ட மூச்சு" என்றாள் சுகிர்தா.
"பேசினாலும் ஈரம் அதே அளவுதான்" என்றேன்.

பச்சையே எடுத்தோம்.
எட்டு சென்டிமீற்றர், இருபத்தாறு பலகை.
பாண் வெட்டும் கத்தியால் அறுத்தேன்,
அந்தக் கிறீச்சில் பல் கூசியது.
பசையை அங்கங்கே பொட்டு வைக்கப் போனேன்.
அவள் கரண்டியைப் பறித்து
தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல்
விளிம்புவரை இழுத்தாள்.
"பின்னால் காற்று நின்றால்
அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும்."

ஆளுக்கொரு முனை.
தோளால் அழுத்தி, கன்னம் பலகையில் பதிய,
பசை இறுகும்வரை
ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.
கல்யாணப் படத்துக்குப் பிறகு
இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.
அவள் இமையில் ஒரு பச்சைத் தூள்.
நான் சொல்லவில்லை.

மூட்டுகளுக்கு நாடா.
குழாய் நுழையும் ஓட்டைக்கு நுரைத் துப்பாக்கி.
கொஞ்சம்தான் அடித்தேன்,
விடிய வந்து பார்த்தால்
அடுப்பில் வழிந்த பொங்கல்.
எல்லாவற்றுக்கும் மேல் ஜிப்சம் பலகை, வெள்ளைப் பூச்சு,
ஒரு கதிரை, ஒரு விளக்கு.
சுவரில் இப்போது கை வைத்தால்
சுவர் மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான்.

நவம்பர். எனக்கு இரவு வேலையில்லாத செவ்வாய்.
சமையலறையில் லீக்ஸ் நறுக்குகிறேன்.
கீழேயிருந்து சுகிர்தாவின் குரல்.
பேர்ன்காரரின் ஜெர்மனில், தடக்காமல்:
"இல்லை, அந்த ஞாயிறு நான் வர மாட்டேன்.
நீங்கள் கேட்கவில்லை, சொன்னீர்கள்.
பதினொரு வருடமாய் உங்கள் முதியவர்களைத்
தூக்குகிறேன், குளிப்பாட்டுகிறேன்..."
நின்றது.
மறுபடி அதே வாக்கியம் முதலிலிருந்து,
இன்னும் மெதுவாக, இன்னும் நிமிர்ந்து.

அடுத்தது தமிழில் வந்தது.
என் பெயரில் தொடங்கியது.

குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.
தொட்டியில்
கழுவ ஒன்றும் இல்லை.